நாய்க்குட்டியின் மூக்கைத் தேய்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்குவோருக்காக உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தோம். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் பற்றியெல்லாம் எழுதியிருந்தது பயனுள்ளது. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. குட்டி வீட்டுக்குள் அசிங்கம் செய்துவிட்டால் அந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டுபோய், மூக்கைத் தேய்த்து, இரண்டு தட்டு தட்டினால் ஒரே வாரத்தில் பழகிவிடும் என்று. நாய்களைப் பழக்குவதையே வேலையாகக் கொண்ட நாங்கள் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. குட்டி வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவர்களும், உள்ளேயே விடாமல் வாசலில் கட்டிப்போட்டுவிடுபவர்களும் சொல்லும் காரணம் பல நேரம் ஒன்றுதான்: "எவ்வளவு அடித்தும் வீட்டுக்குள்ளேதான் போகிறது." அடித்த பிறகும் அப்படிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அடியேதான்.

கிடைக்கும் பலனையோ தண்டனையையோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருப்பதோடுதான் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு முன்னால் கூடத்து மூலையில் நடந்ததையும், இப்போது தன் பிடரியைப் பிடித்து அழுத்துகிற கையையும் அதனால் சேர்த்துப் பார்க்க முடியாது. சரி, போய்க்கொண்டிருக்கும்போதே பிடித்து அடித்தால்? அப்போது குட்டிக்குப் புரிவது, இந்த ஆள் பார்க்கும்போது போனால் ஆபத்து என்பது மட்டும்தான். அதன் பிறகு நீங்கள் கயிற்றோடு தோட்டத்தில் அரை மணி நேரம் நின்றாலும் அது உங்கள் முன்னால் போகாது. அடக்கிக்கொண்டே உள்ளே வரும். நீங்கள் கதவைத் தாழிடும் நேரத்தில் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வரும். "வெளியே போகவே மாட்டேன் என்கிறது, உள்ளே வந்த மறுநிமிடம் போகிறது" என்று யாராவது சொன்னால், இதற்கு முன்னால் அடித்தீர்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

"தப்புச் செய்தது அதற்குத் தெரிகிறதே, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காதை மடக்கிக்கொண்டு நிற்கிறதே" என்பார்கள். இதை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதில் உரிமையாளர்களுக்குச் சில முறை தவறான தகவல் தரப்பட்டது. அந்தக் குற்றவாளி முகம், நாய் உண்மையில் தப்புச் செய்ததா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிக்கும் முகம், "கோபப்படாதே" என்று நாய் கெஞ்சும் முகம்.

அப்படியானால் எப்படித்தான் பழக்குவது? குட்டியின் உடம்பே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பிறந்த முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும். அதன் பிறகு தள்ளாடித் தள்ளாடியாவது படுக்கையை விட்டுச் சற்று விலகிப் போய்க் கழிக்கத் தொடங்கும். படுக்குமிடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்பது அதற்கு யாரும் சொல்லித்தராத பாடம். எட்டு, ஒன்பது வார வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: காலுக்குக் கீழே எது இருந்தபோது வழக்கமாகப் போனதோ, அதே மாதிரித் தரையைத் தேட ஆரம்பிக்கும். மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். காகிதத்தின் மேல் வளர்ந்தது காகிதத்தைத் தேடும். வெறும் சிமெண்ட் தரையில் வளர்ந்ததற்கு உங்கள் வீட்டு டைல்ஸ் தரையும் கழிப்பிடமாகவே தெரியும். எனவே குட்டியை வாங்கும்போது அதன் வயதைக் கேட்பது போலவே, இதுவரை எந்தத் தரையில் போய்ப் பழகியது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே பொருளில் ஒரு பிடியைப் புதிய இடத்தில் கொண்டுவந்து போடுங்கள். இடுக்கமான கூண்டில் தன் கழிவின் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிகளிடம் அந்தப் பிறவிக் குணம் மழுங்கியிருக்கும். அவற்றுக்கு மட்டும் இரு மடங்கு பொறுமை வேண்டும். படுக்கை விரிப்பை நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்றி, சுத்தமான படுக்கை என்றால் என்ன என்பதை முதலில் காட்ட வேண்டும்.

இடத்தைக் குட்டி வருவதற்கு முந்தைய நாளே முடிவுசெய்துவிடுங்கள். வந்த பிறகு இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று மாற்றினால் பழகவே பழகாது. சாப்பாட்டுக் கிண்ணமும் படுக்கையும் இருக்கும் பக்கம் வேண்டாம். ஆட்கள் நடமாட்டமும் வண்டிச் சத்தமும் இல்லாத, கதவிலிருந்து கால் நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு மூலை போதும். அளவில் கஞ்சத்தனம் கூடாது. நாய் போவதற்கு முன்னால் மோந்து பார்க்கும், சுற்றும், மறுபடி மோந்து பார்க்கும். அந்தச் சுற்றுக்கு இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் நின்று வெளியே விட்டுவிடும். குட்டியின் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்கு நீள அகலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டம் இல்லாத வீட்டில் பால்கனியிலோ குளியலறை ஓரத்திலோ விளிம்பு தாழ்ந்த ஒரு ட்ரே வையுங்கள். சிறிய இன நாய்க்கு 60 செ.மீ.க்கு 90 செ.மீ. என்ற அளவிலிருந்து தொடங்கலாம். அதில் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு மணலோ மண்ணோ நிரப்புங்கள், அல்லது புல்லோடு வெட்டிய மண்பத்தையைப் பரப்புங்கள். செயற்கைப் புல் வைப்பவர்கள் அதைத் தினமும் தூக்கி அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும். நாற்றம் தேங்குவது அங்கேதான்.

தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 16 வார வயதுவரை, மற்ற நாய்கள் வந்துபோகும் தெருவோரத்தையோ பூங்காவையோ கழிப்பிடமாக வைத்துக்கொள்ள வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்திலிருந்து மண்ணில் கலந்தால் மாதக்கணக்கில், சாதகமான சூழலில் ஓராண்டுக்கு மேலும், உயிர்ப்போடு இருக்கும். மண் சுத்தமாகத் தெரிவதால் அது சுத்தம் என்று ஆகாது.

இனி நேரம். உங்கள் குறிப்பு முழுவதிலும் விடுபட்டது இதுதான். வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் குட்டி தாங்கும் என்று ஒரு கணக்குப் பலருக்கும் தெரியும். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். இந்தக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு தோற்றுப்போகிறவர்கள் ஏராளம். அது பகலில் குட்டி அசையாமல் படுத்திருக்கும்போது தாங்கக்கூடிய உச்ச அளவு. விழித்து ஓடியாடும் குட்டிக்கு அது பொருந்தாது. இரண்டு மாதக் குட்டி விளையாடிக்கொண்டிருந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் ஒருமுறை போக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தால் உடனே. சாப்பிட்டால் 5 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள். நிறையத் தண்ணீர் குடித்தால் கால் மணி நேரத்தில். விளையாட்டு நின்றதும் ஒருமுறை. யாராவது வீட்டுக்கு வந்து ஒரே கும்மாளமாகிவிட்டால் அதன் பிறகு ஒருமுறை. தூங்கப் போகும் முன் ஒருமுறை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாது. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடி ஓடிச் செய்துவிட்டால், பிறகு வருடக்கணக்கில் தரை துடைக்க வேண்டியதில்லை.

சாப்பிட்டதும் மலம் வருவது தற்செயல் இல்லை. இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால் சாப்பாட்டு வேளையை நீங்கள் நிர்ணயித்தால் மலம் கழிக்கும் வேளையையும் நீங்களே நிர்ணயித்த மாதிரி. மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. கிண்ணத்தைக் கீழே வைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தீனி நிரம்பிய கிண்ணம் கிடந்தால் நாள் முழுக்க எந்த நேரத்திலும் போகும். உங்களால் கணிக்கவே முடியாது. தண்ணீரில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு கூடாது. பகலில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிண்ணத்தை எடுத்துவைத்தால் போதும். வெக்கையான நாளில் அதுவும் வேண்டாம்.

ஒரு சிறிய நோட்டை எடுத்து முதல் மூன்று நாள் எழுதிப் பாருங்கள். எழுந்த நேரம், தின்ற நேரம், போன நேரம், எங்கே போனது, சிறுநீரா மலமா. நான்காம் நாள் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் உங்கள் குட்டியின் கடிகாரம் தெரிந்துவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடத்தில் ஒருமுறை, அதைத் தொடர்ந்து கொஞ்ச நேரத்தில் இன்னொருமுறை என்று ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தாளம் இருக்கும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நோட்டு நான்கு பேருக்கும் பொது. "நீ கூட்டிப் போயிருப்பாய் என்று நினைத்தேன்" என்பதால் நனைந்த தரைகள் நிறைய.

குறித்த நேரம் வந்ததும் குட்டியைக் கழுத்துப்பட்டையும் ஒன்றரை மீட்டர் கயிறும் போட்டு அந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். சின்னக் குட்டியாக இருந்தால் தூக்கிக்கொண்டே போய்விடுங்கள். நடக்கவிட்டால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். தினமும் ஒரே கதவு, ஒரே வழி. இடத்தில் இறக்கிவிட்டு மரம் மாதிரி நில்லுங்கள். பேச வேண்டாம், கொஞ்ச வேண்டாம், கைபேசியும் வேண்டாம், ஏனென்றால் அடுத்து நடப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். குட்டி முதலில் உங்கள் கால்விரலை மோக்கும், காய்ந்த இலையைக் கவ்வும், பறவையைப் பார்க்கும். நீங்கள் அசையாமல் நிற்கவும் அதற்குச் சலித்துப்போகும். மூக்கு தரையோடு ஒட்டும். நடை வேகம் பிடிக்கும், வட்டம் சின்னதாகும், பின்னங்கால்கள் சற்று அகலும், முதுகு வளையும். அது இறங்கத் தொடங்கும் அந்த நொடியில், மெதுவான குரலில், நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே சொல்லை ஒருமுறை சொல்லுங்கள். "ஒண்ணுக்கு" என்பதோ "போயிடு" என்பதோ எதுவானாலும் சரி. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். சில வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே இடம் தேடத் தொடங்கும். பயணத்தின்போதும், அவசரமாகக் கிளம்பும்போதும் அந்தச் சொல் எவ்வளவு உதவும் என்பது அனுபவிப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே பலரும் செய்யும் ஒரு பிழை. குட்டி போகத் தொடங்கியதுமே மகிழ்ச்சியில் "சபாஷ்!" என்று கத்துவது, அல்லது பையிலிருக்கும் தீனியைச் சரசரக்க எடுப்பது. குட்டி பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். மீதிப் பாதியைக் கூடத்தில் போய் முடிக்கும். முழுவதும் முடிந்து, குட்டி நிமிர்ந்து முதல் அடி எடுத்துவைக்கும்வரை பாராட்ட வாயைத் திறக்காதீர்கள். நிமிர்ந்ததும் இரண்டு மூன்று வினாடிக்குள், அந்த இடத்திலேயே, கடலைப் பருப்பு அளவுக்கு இறைச்சித் துணுக்கோ அதற்குப் பிடித்த வேறு தீனியோ வாய்க்குள் போக வேண்டும். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் தீனி முன்பே உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பரிசு கொடுத்ததும் உடனே உள்ளே இழுத்துவராதீர்கள். போனால் வெளிவாசம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட குட்டி, வெளியில் இருக்கும் நேரத்தை நீட்டிக்கப் போகாமலே இழுத்தடிக்கும். முடித்த பிறகு ஐந்து நிமிடம் கயிற்றை அவிழ்த்து விளையாடவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: குட்டிகளுக்குப் பல நேரம் ஒரே தடவையில் சிறுநீர்ப்பை காலியாகாது. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டாவது முறையும் போகும்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லை என்றால்? திட்டாமல் உள்ளே கொண்டுவந்து, கூண்டிலோ உங்கள் மடியிலோ வையுங்கள். 10, 15 நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போகாத குட்டியை உள்ளே வந்ததும் அவிழ்த்துவிடுவதுதான் கூடத்தில் போவதற்கான நேர்வழி. பயிற்சி முழுவதிலும் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாலே தவறுகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

வீட்டுக்குள் குட்டிக்கு மூன்றே நிலைதான்: இப்போதுதான் போய்வந்ததால் உங்கள் கண் முன்னால் விளையாடிக்கொண்டிருக்கலாம், இரண்டு மீட்டர் கயிற்றில் உங்கள் இடுப்போடு கட்டப்பட்டிருக்கலாம், இல்லையென்றால் கூண்டிலோ அடைத்த சிறிய இடத்திலோ இருக்கலாம். கூண்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் அது அதன் படுக்கையறை. அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு இன்னொரு மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். அதனால் பெரிய கூண்டு வாங்கியவர்கள் நடுவில் தடுப்பு வையுங்கள். ஆனால் பகலில் மேலே சொன்ன கணக்கைத் தாண்டி அடைத்துவைத்து, வேறு வழியில்லாமல் அதன் உள்ளேயே போகவைத்துவிட்டால் கூண்டின் பயனே போய்விடும். எட்டு மணி நேரம் வீட்டில் ஆளே இல்லாத குடும்பத்தில் இரண்டு மாதக் குட்டியைக் கூண்டில் விட்டுப்போவது அதைத் துன்புறுத்துவதாகும். நடுவில் வந்து கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அடைத்த அறையில் ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப்பக்கம் ட்ரே என்று வைத்துவிட்டுப் போங்கள்.

அப்படியும் கண் தப்பி நடந்துவிடும். விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று பொம்மையைப் போட்டுவிட்டு மூலையைப் பார்த்துப் போனால், வழக்கமாகப் போகாத அறைக்குள் எட்டிப்பார்த்தால், தரையை மோந்துகொண்டே நடந்தால், எழுந்து ஓடுங்கள். தொடங்கிவிட்டது என்றால் கையை ஒருமுறை லேசாகத் தட்டினாலே நிறுத்திவிடும்; உடனே தூக்கிக்கொண்டுபோய் இடத்தில் விடுங்கள். அங்கே மிச்சத்தை முடித்தால் அதற்கும் பரிசு உண்டு. முடிந்த பிறகுதான் பார்த்தீர்கள் என்றால் குட்டியிடம் சொல்ல ஒன்றுமில்லை. துடைத்துவிட்டு, எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த நாள் அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கூட்டிப்போங்கள்.

துடைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் பழக்குபவர்களும் கோட்டைவிடுவது இங்கேதான். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா கலந்த சோப்பு நீரால் துடைத்தால், "இதுதான் கழிப்பிடம்" என்று நாமே வாசனையால் எழுதிவைத்தது போல ஆகும். ஃபினாயில் நம் மூக்குக்கு நாற்றத்தை மறைக்கும். நாயின் மூக்கிலிருந்து மறைக்காது. ஈரம் காயும் முன் அதில் நடந்து பாதத்தை நக்கும் குட்டிக்கு அது கேடும்கூட. பிளீச்சைச் சிறுநீரின் மேலேயே ஊற்றுவது இன்னும் மோசம். அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் நச்சுப்புகை கிளம்பும்.

முதலில் பழைய துணியை மடித்துப் போட்டு அதன்மேல் காலால் அழுத்தி நில்லுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் ஈரம் பரவி டைல்ஸ் இணைப்பு இடுக்குகளுக்குள் இறங்கும். துணி உலர்ந்தே வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். அதன் பிறகு செல்லப்பிராணிகளின் கறைக்கென்று விற்கும், கறையைச் சிதைக்கும் நொதித் (என்சைம்) திரவத்தைக் கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு கையகலம் வரை தாராளமாக ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் வரை, குறைந்தது 10, 15 நிமிடம், ஊறவிடுங்கள். தெளித்த உடனே துடைத்துவிட்டால் நொதி வேலை செய்ய நேரமே கிடைக்காது. முன்பே கிருமிநாசினி போட்ட இடத்தில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும்; இல்லையென்றால் நொதி செயலிழந்துவிடும். நொதித் திரவம் கிடைக்காத இடத்தில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து டைல்ஸ் தரைக்குப் பயன்படுத்தலாம். பளிங்குத் தரையில் கூடாது, அமிலம் மெருகை அரித்துவிடும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பழைய கறை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் ஒளிரும்.

இதற்கு நேர்மாறாக, கழிப்பிடத்தில் முதல் வாரம் வாசனை வேண்டும். தரையை ஒற்றிய துணியில் ஒரு துண்டை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அதற்காக மலத்தைக் குவியவிடக் கூடாது. அசுத்தமான இடத்தை நாயே ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் போகும். மலத்தோடு வெளியேறும் குடற்புழுக்களில், உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப் புழுவுக்கு ஒரு வாரமே போதும், அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே மனிதருக்குள் நுழையும். அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்திவிட்டால் இரண்டுக்குமே வழி இருக்காது. ட்ரேயில் சிறுநீர் ஊறிய மணலைத் தினமும் அள்ளி எடுத்து, வாரம் ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள்.

செய்தித்தாள் விரித்துப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கடைசிவரை காகிதத்தின் மேல்தான் போகப்போகிறது என்றால் சரி. பிறகு வெளியே மாற்றப்போகிறோம் என்றால் ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறீர்கள். நாய்க்குட்டிக்கு நேற்றைய தாள், இன்றைய தாள் என்ற வேறுபாடும் தெரியாது. நீங்கள் படித்துக் கீழே வைத்ததன் மேலும் போகும். சிறுநீரை உறிஞ்சுவதற்கு விரிக்கும் பேடும் அப்படியே. மெத்தென்று இருப்பதால் மிதியடி, குளியலறை விரிப்பு எல்லாம் குட்டிக்கு ஒன்றாகவே படும். பேட் பயன்படுத்தும் வீட்டில் அந்த விரிப்புகளைச் சில மாதம் சுருட்டி எடுத்து வைத்துவிடுங்கள். காகிதத்திலிருந்து வெளியே மாற்றுவதானால் தினம் ஒரு சாண் வீதம் கதவை நோக்கி நகர்த்துங்கள், பிறகு கதவைத் தாண்டி, பிறகு இடத்தின் மேல், பிறகு அளவைப் பாதியாக, கால்வாசியாக. அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு மீட்டர் நகர்த்தினால் குட்டி பழைய இடத்துக்கே போய் வெறுந்தரையில் விட்டுவிடும்.

இரவில் இரண்டு மாதக் குட்டிக்கு ஒருமுறையோ இருமுறையோ எழ வேண்டியிருக்கும். அது அழுது எழுப்பும்வரை காத்திராமல் அலாரம் வைத்து நீங்கள் எழுங்கள். பெரிய விளக்கு வேண்டாம், விளையாட்டு வேண்டாம். போனது, பரிசு வாங்கியது, படுத்தது என்று முடிய வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளிவையுங்கள். நான்கு மாத வாக்கில் பல குட்டிகள் ஆறேழு மணி நேரம் தாங்கும். சிறிய இனங்களுக்குப் பை சிறியது. கூடுதல் நாள் பிடிக்கும்.

வீடு முழுவதையும் திறந்துவிடுவதில் அவசரம் வேண்டாம். ஒரு வாரம் தவறு நடக்கவில்லை என்றதும் பழகிவிட்டது என்று நம்பி எல்லா அறைகளையும் திறப்பவர்கள் மறுவாரம் தொடக்கத்துக்கே வருகிறார்கள். நான்கு வாரம் தொடர்ந்து சுத்தமாக இருந்தால் ஓர் அறையைக் கூடுதலாகத் திறவுங்கள். அதில் தவறினால் அந்தக் கதவை மூடி இரண்டு வாரம் பொறுங்கள். ஆறேழு மாத வயதில், நன்றாகப் பழகிய குட்டியும் சிறிது சறுக்கும். பழைய அட்டவணையைப் பத்து நாள் மறுபடி நடத்தினால் சரியாகிவிடும். அந்த வயதில் ஆண் நாய் காலைத் தூக்கத் தொடங்கும் என்பதால் ட்ரேயிலோ தோட்ட மூலையிலோ முழங்கால் உயரக் கம்பு ஒன்றை நட்டுவையுங்கள், சுவர் தப்பிக்கும்.

எல்லாமே பழக்கக் கோளாறு அல்ல. உங்களைக் கண்டதும் உடம்பைக் குறுக்கிச் சில சொட்டு விடும் குட்டி, பணிவைக் காட்டுகிறது. திட்டத் திட்ட அது கூடும். குனிந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் அதுவாக வரட்டும் என்று விடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். பழகிய நாய் திடீரென்று உள்ளே போகத் தொடங்கினாலோ, அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.லி.க்கு மேல் தண்ணீர் குடித்தால் அதுவும் நோயின் அறிகுறி. கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் படுக்கையை நனைத்தால் அதற்கு மருந்து உண்டு. முக்கி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரமே கொண்டுபோங்கள்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள், தெருவில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆகியோருக்கும் முறை இதுவேதான். அதன் வயதை மறந்துவிட்டு இரண்டு மாதக் குட்டியாக நினைத்து முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். பை பெரியது, அடக்கும் திறன் உண்டு என்பதால் குட்டியைவிட விரைவாகவே பழகும்.

ஆசிரியர் அவர்களே, மூக்கைத் தேய்க்கச் சொன்ன அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லாவிட்டால் இவ்வளவு மட்டுமாவது போடுங்கள்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள், போனால் அங்கேயே பரிசு கொடுங்கள், போகவில்லை என்றால் கால் மணி நேரம் கயிற்றில் வைத்திருந்து மறுபடி கூட்டிப்போங்கள். அந்தக் குறிப்பை நம்பி இன்றைக்குக் கையை ஓங்கியிருப்பவர்கள் நாளைக் காலைப் பதிப்பில் இதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள் சிலர்